கால் இல்லைன்னு சொல்ல யார் கையெழுத்து வேணும்?

இந்த வாரம் மஞ்சள் விலையும் இல்ல, மழையும் இல்ல. கொஞ்சம் கோவமா ஒரு விசயம் எழுதப்போறேன். வெள்ளாமைக் கதைக்காக வர்றவங்க பொறுத்துக்கணும்.

கேள்வி ஒண்ணுதான். ஒருத்தருக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அவருக்குக் கால் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட இந்த நாட்டுல யாருக்குத் தகுதி இருக்கு?

எங்க ஊர் டீக்கடையில கேட்டா சிரிப்பாங்க. "இதுல என்னங்க தகுதி, கண்ணு தெரிஞ்சாப் போதாதா?" அப்படின்னுதான் சொல்வாங்க. ஆனா அரசாங்கக் கணக்குல அது அவ்வளவு லேசு இல்லீங்க. எங்க பக்கத்துல நடக்கறது இப்படி: மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போகணும். வாரத்துல அதுக்குன்னு ஒதுக்கின நாள்ல போகணும். அன்னைக்கு எலும்பு டாக்டர் இருக்கணும். வரிசையில நிக்கணும். நிக்கறதுக்குக் கால் இல்லைங்கறதுதானே பிரச்சினையே? அதை யாரும் கேட்க மாட்டாங்க.

மத்த விசயத்துக்கெல்லாம் யார் கையெழுத்து செல்லுதுன்னு கொஞ்சம் பாருங்க.

கிராமத்துல ஒருத்தர் இறந்துட்டா அதைப் பதிவு பண்றவர் கிராம நிர்வாக அலுவலர். விஏஓ. ஒரு மனுசன் உலகத்துலயே இல்லைன்னு பதிய அவர் போதும்.

40 வயசு தாண்டினவங்க டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கணும்னா 1ஏ-ன்னு ஒரு மருத்துவப் படிவம் இருக்கு. அதுல கையெழுத்துப் போட பதிவு பெற்ற மருத்துவர் ஒருத்தர் போதும். லாரி, பஸ் ஓட்டறவங்களுக்கும் அதே படிவம்தான். 50 பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில வண்டி ஓட்ட இவருக்குக் கண்ணு, காது, கை, கால் எல்லாம் சரியா இருக்குன்னு ஒரே டாக்டர் எழுதலாம். அதே டாக்டர் இன்னொருத்தருக்குக் கால் இல்லைன்னு எழுதினா, அது எங்க மாவட்டத்துல செல்லாது.

எங்க கட்டுத்தறிக்கு வாங்க. போன தடவை மாடு வாங்கி இன்சூரன்ஸ் போட்டப்ப கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். பல்லைப் பார்த்து வயசு சொன்னார், மடியைப் பார்த்தார், நடக்க விட்டுப் பார்த்தார், விலைமதிப்பு எழுதினார், காதுல வில்லை மாட்டினார், கையெழுத்துப் போட்டார். அரை மணி நேரம் கூட ஆகலை. மாட்டைத் தலைநகருக்கு ஓட்டிட்டு வான்னு யாரும் சொல்லலை. மாடு நடக்கும், இருந்தும் டாக்டர் வந்தார். நடக்க முடியாத மனுசனைத்தான் வரச் சொல்றாங்க.

எங்க பங்காளி ஒருத்தர், முறைக்கு எனக்கு அண்ணன். தேங்காய் போட மரம் ஏறி விழுந்தவர். முதுகுத்தண்டு போயிருச்சு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கயித்துக் கட்டில்தான் வாழ்க்கை. நங்கையாதான் (அண்ணன் பொண்டாட்டியை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்குது. இல்லைன்னா முதுகுல புண்ணு வந்துரும்.

அவரைச் சான்றுக்கு மூணு தடவை தூக்கிட்டுப் போனோம். ஒவ்வொரு தடவையும் ஆம்னி வேன் வாடகை, தூக்கி ஏத்தி இறக்க ரெண்டு ஆளு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய். முதல் தடவை எலும்பு டாக்டர் ஏதோ கேசுல சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிட்டார். ரெண்டாவது தடவை, தனியார்ல எடுத்த ஸ்கேன் செல்லாது, இங்கேயே எடுக்கணும், அதுக்கு இன்னொரு நாள் வாங்கன்னாங்க. மூணாவது தடவை கிடைச்சது. டாக்டர் பார்த்த நேரம் ரெண்டு நிமிசம் இருக்கும். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அன்னைக்கு அவர் முன்னாடி அத்தனை கூட்டம், அதுக்கு நடுவுல வார்டையும் அவர்தான் பார்க்கணும். ரெண்டு நிமிசத்துல தெரியற விசயம்தான் அது. அதைத்தான் நானும் சொல்றேன். ரெண்டு நிமிசத்துல தெரியற விசயத்துக்கு எதுக்குங்க மூணு பயணம்?

கடும் பாதிப்புள்ளவங்களுக்குத் தமிழ்நாடு அரசு தர்ற பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000 ரூபாய். மூணு பயணத்துக்கு 9,000. உதவித்தொகையில நாலரை மாசம், வாங்கறதுக்கு முன்னாடியே கடனாப் போயிருச்சு. நங்கையா சொன்னதை அப்படியே எழுதறேன்: "ஏந் தம்பி, இவரால வர முடியாதுன்னு எழுதறதுக்கு இவரையே கூட்டிட்டு வரச் சொல்றாங்களே, இது என்ன நாயம்?"

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினாங்க. நல்ல திட்டம், நான் மனசாரச் சொல்றேன். அதுல இயன்முறை மருத்துவர், அதாங்க பிசியோதெரபிஸ்ட், வீட்டுக்கே வர்றார். எங்க அண்ணன் வீட்டுக்கும் வந்தார். காலை நீட்டி மடக்கி, எந்தத் தசை வேலை செய்யுது, எது செய்யலைன்னு நோட்டுல எழுதினார். அரசாங்கம் அனுப்பின ஆள், அரசாங்க நோட்டு, அரசாங்கப் பேனா. ஆனா அந்த நோட்டைச் சான்றுக்குக் கொண்டுபோனா யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. இந்த ஆளுக்கு நடக்க முடியாதுன்னு அரசாங்கத்துக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வைத்தியம் பார்க்க வீடு தேடி வருது. சான்றுன்னு கேட்டா மட்டும் அதே அரசாங்கத்துக்கு எதுவும் தெரியாமப் போயிருது.

இனி சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். சட்டத்தைப் படிச்சப்பதான் எனக்குக் கோவம் அதிகமாச்சு.

1995-ல வந்த பழைய சட்டத்துல ஊனம்னு 7 வகை இருந்தது. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கிச்சு. 2017 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்தது. ஆசிட் வீச்சால பாதிக்கப்பட்டவங்க, தலசீமியா, பார்க்கின்சன் எல்லாம் உள்ளே வந்தது. நல்ல மாற்றம். 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா வேலை ஒதுக்கீடு மாதிரியான முக்கியமான சலுகைகளுக்குத் தகுதி. அரசு வேலையில 4 சதவீத ஒதுக்கீடு.

அந்தச் சட்டத்தோட 57-வது பிரிவுதான் நம்ம கேள்விக்குப் பதில். தகுதியும் அனுபவமும் உள்ளவர்களைச் சான்றளிக்கும் அதிகாரிகளாக அரசு நியமிக்க வேண்டும், அவர்களுடைய எல்லையையும் அறிவிக்க வேண்டும் என்கிறது. மாநிலத்துக்குள்ள அந்த நியமனம் மாநில அரசு கையில. மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரின்னோ, இன்ன பட்டம் படிச்ச நிபுணர்னோ அந்தப் பிரிவு சொல்லலை. எப்படி அளக்கணும்ங்கற வழிகாட்டியை மத்திய அரசு போடுது. நிபுணர், குழு எல்லாம் அதுல வருது. அதையும் மனுசங்கதான் எழுதினாங்க, திருத்தினாங்க. 2018-ல போட்டதை 2024-ல மாத்தினாங்க. கல்லுல செதுக்கினது இல்லை.

2017-ல வந்த விதிகள்ல சான்றுக்கு மூணு படிவம் இருக்கு. படிவம் 5 யாருக்கு? கை கால் துண்டிக்கப்பட்டவங்க, கை கால் முழுசா நிரந்தரமாச் செயலிழந்தவங்க, குள்ளமான உடல்வாகு உள்ளவங்க, பார்வை இல்லாதவங்க. படிவம் 6 பல ஊனம் சேர்ந்தவங்களுக்கு. படிவம் 7 மத்த எல்லாருக்கும். இப்படிப் பிரிச்சதுக்கு என்ன அர்த்தம்? பார்த்த உடனே தெரியறது வேற, சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியறது வேறன்னு விதி எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. படிவம் 6-ல தலைவர், உறுப்பினர்னு பல கையெழுத்துக்கு இடம் இருக்கு. படிவம் 5-ல ஒரே கையெழுத்து. காகிதத்துல இந்த வித்தியாசம் இருக்கு. எங்க மாவட்டத்து ஆஸ்பத்திரி வராண்டாவுல இல்லை. அங்க கால் போனவரும், காது கேட்காத குழந்தையும், மனவளர்ச்சி குன்றிய பையனும் ஒரே வரிசையில, ஒரே டோக்கன்ல, ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்காங்க.

இன்னொண்ணு. அரசு ஊழியர் அல்லாத மருத்துவர் தந்த சான்றா இருந்தா, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி மேலொப்பம் போட்டாத்தான் செல்லும்னு படிவம் 7-லேயே குறிப்பு இருக்கு. அதாவது ஒருத்தர் பார்த்து எழுதி, இன்னொருத்தர் சரிபார்த்து ஒப்புக்கொள்ற வழி விதிக்கு அந்நியம் இல்லை. வெளி டாக்டருக்கே அந்த வாசலைத் திறந்து வச்சவங்க, சொந்த ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கு ஏன் திறக்கக் கூடாது?

கால அளவுக்கு வருவோம். விண்ணப்பம் வந்து 1 மாசத்துக்குள்ள சான்று தரணும்னு 2017 விதி சொன்னது. முடியலை. என்ன பண்ணினாங்க? 2024 திருத்தத்துல 3 மாசம்னு மாத்திட்டாங்க. டாக்டரைக் கூட்டலை, நாளைக் கூட்டிட்டாங்க. கிணத்துல தண்ணி இல்லைன்னா கயித்தை நீளமாக்கற கதைதான்.

இப்ப கடல் தாண்டி ஒரு எட்டுப் போயிட்டு வரலாம். எங்க சித்தப்பா மகன் கலிஃபோர்னியாவுல இருக்கான். போன மாசம் பேசும்போது அவனோட பக்கத்து வீட்டுக்காரம்மா காருக்கு 'மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை' வாங்கின கதையைச் சொன்னான். அங்க கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் முன்னால சக்கர நாற்காலிப் படம் போட்ட இடம் இருக்குமில்ல, அங்க வண்டி நிறுத்தணும்னா கண்ணாடிக்குப் பக்கத்துல அந்த அட்டை தொங்கணும். நிரந்தரம்னா நீலம், தற்காலிகம்னா சிவப்பு. அட்டையைத் தர்றது மோட்டார் வாகனத் துறை. அதுக்கு 'ரெக் 195'ன்னு ஒரு படிவம். படம் பிடிச்சு அனுப்பச் சொன்னேன்.

அதுல யார் யார் சான்று தரலாம்ங்கற பட்டியலைப் பார்த்து அசந்துட்டேன். மருத்துவர், அறுவை மருத்துவர் தரலாம், சரி. மருத்துவரோட உதவியாளரா வேலை பார்க்கறதுக்குன்னே படிச்சு உரிமம் வாங்கினவங்க தரலாம். உயர்நிலைச் செவிலியர் தரலாம். பிரசவம் பார்க்கற செவிலியர் தரலாம். முதுகெலும்பை நீவிச் சரிபண்ற கைரோப்ராக்டர் தரலாம். பாதம், கணுக்கால் பிரச்சினைன்னா பாத மருத்துவர். பார்வைன்னா கண் பரிசோதகர், அதாவது ஆப்டோமெட்ரிஸ்ட். யாருக்கு எந்த உறுப்பைப் பத்தித் தெரியுமோ, அவங்க அந்த உறுப்பைப் பத்திச் சொல்லலாம். அவ்வளவுதான் தத்துவம்.

இதைவிடப் பெரிய விசயம் அதுக்கு அடுத்து. ஒரு காலோ ரெண்டு கையுமோ இழந்தவர் அந்த அலுவலகத்துக்கு நேர்ல வந்துட்டா மருத்துவச் சான்றே வேண்டாம். கவுன்டர்ல இருக்கற ஊழியர் கண்ணால பார்த்தாப் போதும். எங்க ஊர் டீக்கடைக்காரர் சொன்னாரே, கண்ணு தெரிஞ்சாப் போதாதான்னு, அதையே அங்க விதியா வச்சிருக்காங்க!

அமெரிக்கா சொர்க்கம்னு நான் சொல்லலை. அங்க ஆஸ்பத்திரி பில் வந்தா மனுசன் மயங்கி விழுந்துருவான்னு தம்பியே சொல்லியிருக்கான். அந்த அட்டையில ஏமாத்தும் நடக்குது. அட்டைக்காரர் இறந்த பிறகும் குடும்பத்துல யாராவது அதை மாட்டிக்கிட்டுச் சுத்தறாங்கன்னு 2017-ல அந்த மாநிலத் தணிக்கைத் துறையே சுட்டிக்காட்டிச்சு. அதுக்கு அவங்க என்ன பண்ணினாங்க? செவிலியர் இனி கையெழுத்துப் போடக்கூடாதுன்னு சொல்லலை. நிரந்தர அட்டை வச்சிருக்கறவங்க 6 வருசத்துக்கு ஒருக்கா கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கணும்னு சட்டம் கொண்டுவந்தாங்க. ஓட்டை எங்க இருக்கோ அங்க அடைச்சாங்க. நம்ம ஊர்ல ஒரு எலி வந்துட்டா களத்துக்கே யாரும் வரக்கூடாதுன்னு முள்ளு போட்டுருவாங்க. எலி முள்ளுக்கு அடியில போயிரும். நிக்கறது நாமதான்.

உங்களுக்கு ரெண்டு மூணு கேள்வி வரும். எனக்கும் வந்தது.

முதல் கேள்வி: "அது வெறும் வண்டி நிறுத்தற இடம். இங்க பணம், வேலை, மருத்துவக் கல்லூரி சீட்டு எல்லாம் இருக்கே. யார் வேணா எழுதலாம்னா போலிச் சான்று பெருகாதா?" நியாயமான கேள்வி. ஆனா ஒதுக்கீட்டுல வேலைக்குப் போறவங்களையும் மருத்துவப் படிப்புக்குப் போறவங்களையும் சேர்க்கறதுக்கு முன்னாடி தனியா மருத்துவக் குழு பரிசோதிக்குது. பெரிய வாசலுக்குப் பெரிய பூட்டு ஏற்கெனவே இருக்கு, இருக்கட்டும். டவுன் பஸ்ல இலவசமாப் போறதுக்கும் மாசம் 2,000 ரூபாய்க்கும் அதே பூட்டு எதுக்கு?

ரெண்டாவது கேள்வி: "ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் உள்ளூர்க் கட்சிக்காரங்க மிரட்டினா எழுதித் தந்துருவாரே?" தரலாம். ஆனா தலைநகர் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற புரோக்கரை நீங்க பார்த்ததில்லைன்னு நினைக்கிறேன். அவர் எப்படி வந்தார்? தூரம் பெத்த பிள்ளை அவர். ஆறு தடவை அலையறதுக்கு அவருக்குக் கொடுத்தா ஒரே தடவையில முடியும்ங்கற கணக்குல வளர்ந்தவர். உள்ளூர்ல பொய்ச் சான்று எழுதினா ஒரு சௌகரியம் இருக்கு. ஊருக்கே தெரியும். நல்லா நடக்கறவன் அட்டை வாங்கினா டீக்கடையில அடுத்த நாளே பேச்சாயிரும். தலைநகர்ல வாங்கினா யாருக்குத் தெரியும்?

மூணாவது கேள்வி: "சதவீதம் கணக்குப் போட நிபுணர் வேண்டாமா?" எல்லாத்துக்கும் வேண்டாம். உறுப்புத் துண்டிக்கப்பட்டதுக்கு வழிகாட்டியிலேயே அட்டவணை இருக்கு. எந்த இடத்துல துண்டிச்சிருக்கோ அதுக்கு எதிர்ல ஒரு எண். எம்பிபிஎஸ் படிச்சவருக்கு அந்த அட்டவணையைப் பார்த்து எழுதத் தெரியாதா? தட்டு வெட்டற மெஷின்ல மணிக்கட்டோட கை போன பையன் ஒருத்தன் எங்க பக்கத்து ஊர்ல இருக்கான். அந்த ராத்திரி ரத்தத்தை நிறுத்தி, கட்டுப் போட்டு, 108-ல ஏத்தி உயிரைக் காப்பாத்தினது அந்த ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அம்மாதான். கை போனதை முதல்ல பார்த்தவங்க அவங்க. உயிரைக் காப்பாத்தத் தகுதி இருந்தவங்களுக்குக் கை இல்லைன்னு எழுதத் தகுதி இல்லையாம்.

நிபுணரே வேண்டாம்னு நான் சொல்லலீங்க. காது எவ்வளவு கேட்குதுன்னு பார்க்க மெஷின் வேணும், அதைப் படிக்கத் தெரிஞ்சவர் வேணும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் இதெல்லாம் நிதானமா உட்கார்ந்து பார்க்க வேண்டியது. ரத்தக் கோளாறுக்கு அதுக்குரிய டாக்டர் பார்க்கணும். அதுக்காகத்தான் சொல்றேன். கண்ணால பார்த்தாத் தெரியறவங்களை அந்த வரிசையில இருந்து எடுத்துட்டா, நிபுணருக்கு நேரம் கிடைக்கும். இன்னைக்கு ஒரு தாய் தன்னோட மூணு வயசுக் குழந்தை ஏன் பேசலைன்னு காட்ட வந்தா, அவங்களுக்கும் அதே ரெண்டு நிமிசம்தான். கால் இல்லாதவருக்கு ரெண்டு நிமிசம் தாராளம். பேசாத குழந்தைக்கு ரெண்டு நிமிசம் அநியாயம். எங்க அண்ணன் அங்க போய்ப் படுத்ததால அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய நேரமும் போச்சு.

நான் கேட்கறது நாலு விசயம்.

ஒண்ணு: படிவம் 5-ல வர்ற எல்லாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரே சான்று தரலாம்னு அறிவிக்கணும். வேணும்னா மாவட்டத்துல இருந்து மேலொப்பம் போடட்டும். விண்ணப்பம் இப்ப ஆன்லைன்லதானே போகுது, கையெழுத்தும் அதே வழியில போகட்டும், மனுசன் போக வேண்டாம்.

ரெண்டு: இயன்முறை மருத்துவர், கண் பரிசோதகர், காது கேட்பியல் நிபுணர், கிராம சுகாதார செவிலியர் எழுதற குறிப்பை ஆதாரமா ஏத்துக்கணும். முடிவை டாக்டர் எடுக்கட்டும். ஆனா வீட்டுக்கு வந்து பார்த்தவங்க எழுதினதைக் குப்பைன்னு தள்ளக்கூடாது.

மூணு: நிபுணர் தேவைப்படறவங்களுக்கு மாசம் ஒரு நாள் வட்டார ஆஸ்பத்திரியிலேயே குழு உட்காரணும். எப்பவாவது முகாம் போடறாங்க, ரொம்ப நல்லது. எப்பவாவதுங்கறதை மாசா மாசம்னு ஆக்கணும். படுத்த படுக்கையா இருக்கறவங்களை வீட்டுக்கு வந்து பார்க்கணும். மாட்டுக்கு வர்றப்ப மனுசனுக்கு வர முடியும்.

நாலு: சொன்ன கெடுவுக்குள்ள முடிவு சொல்லலைன்னா தற்காலிகச் சான்று தானா வந்துரணும். கெடு மீறினா இன்னைக்குக் கஷ்டம் விண்ணப்பிச்சவருக்கு மட்டும்தான். 2024 திருத்தத்துல, 2 வருசம் முடிவெடுக்காம இருந்தா விண்ணப்பமே செயலிழந்துரும், திரும்ப முதல்ல இருந்து போடணும்னு சேர்த்திருக்காங்க. அதிகாரி தூங்கினா விண்ணப்பம் சாகும். எங்க ஊர்ல வாய்க்கால் காவல்காரன் மடையைத் திறக்க மறந்தா, காய்ஞ்ச வயலுக்குக்காரனையா தண்டிப்போம்?

போலியைப் பிடிக்கணும்னா நூத்துக்கு அஞ்சு பேரை வருசா வருசம் குலுக்கல்ல எடுத்து மறுபடி பாருங்க. பொய் எழுதின டாக்டர்மேல நடவடிக்கை எடுங்க. யாரும் தடுக்கலை. எல்லாரையும் திருடன்னு நினைச்சு நிக்க வைக்கறதைத்தான் நிறுத்தச் சொல்றேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி நாட்டுல மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அதுல 1.86 கோடிப் பேர் கிராமத்துல இருக்காங்க. அப்ப ஊனம்னு எண்ணினது பழைய வகைகளை வச்சுத்தான். 21 வகைன்னு எண்ணினா எண்ணிக்கை கூடத்தான் செய்யும். பத்துல ஏழு பேர் கிராமத்துல. சான்று தர்றவங்க டவுன்ல. பாதைக் கோளாறு இதுல இருந்தே தெரியுதா இல்லையா?

கடைசியா, டவுன்ல இருந்து இதைப் படிக்கற உங்களுக்கு. உங்க மால்ல சக்கர நாற்காலிப் படம் வரைஞ்ச பார்க்கிங் இருக்கும். அங்க யார் வண்டி நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். அந்த ஸ்டிக்கரைக் கடையில வாங்கி ஒட்டிக்கறதுக்கு எந்த டாக்டரும் வேண்டாம். கேட்கறதுக்கும் ஆள் இல்லை. வசதி இருக்கறவர் சான்று இல்லாம அந்த இடத்தை எடுத்துக்கறார். நிஜமாத் தேவைப்படறவர் சான்று இல்லாததால வீட்டை விட்டே வெளிய வரலை. ரெண்டுமே ஒரே நாட்டுலதான் நடக்குது.

உங்கள்ல டாக்டர் இருக்கீங்க, பத்திரிகையில இருக்கீங்க, கோட்டையில வேலை பார்க்கறவங்களும் ஒண்ணு ரெண்டு பேர் இருக்கீங்கன்னு தெரியும். எங்க ஊர் சனம் திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனுக் கொடுக்கும், ரசீது வாங்கும், திரும்பி வரும். அதுக்கு மேல எங்க சத்தம் கேட்காது. உங்க சத்தம் கேட்கும். 57-வது பிரிவுல யாரை நியமிக்கணும்னு முடிவெடுக்கறது சென்னையில ஒரு மேசை. அந்த மேசைக்கு உங்கள்ல ஒருத்தர் ஒரு கடிதம் எழுதினாலும் சரி. எழுதறப்ப நீளமா எழுத வேண்டாம். நங்கையா கேட்டதை மட்டும் எழுதுங்க: வர முடியாதுன்னு எழுதறதுக்கு ஏன் வரச் சொல்றீங்க?